மறுபடி சொன்னால்தான் டிக்கெட்

பேருந்துப் பணிமனையில் அவருக்கு இரண்டு பெயர். சம்பளச் சீட்டில் ஒன்று, வாய்ப்பேச்சில் ஒன்று. சம்பளச் சீட்டுப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார் என்று கேலி பேசுவோம். வாய்ப்பேச்சில் அவர் ‘மறுபடி’. மறுபடி அண்ணன். மேலதிகாரிகளும் அவர் இல்லாத இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். சங்கம் கட்டுவதற்காக என்னை இந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். தோளில் ஒரு பை, பை நிறையத் துண்டறிக்கை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்தில் ஏறினேன். முகப்புப் பலகையில் எழுதியிருந்த ஊர்ப்பெயரை எழுத்து பிசகாமல் வாசித்து டிக்கெட் கேட்டேன். நடத்துனர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். டிக்கெட் கிழிக்கவில்லை.

“அப்படி ஒரு ஊருக்கு இந்த வண்டி போகாதுங்களே” என்றார்.

“பலகையில போட்டிருக்கே?”

“பலகையில இருக்கறது எழுதறதுக்கு. சொல்றதுக்கு வேற. எங்க, மறுபடி சொல்லுங்க பாப்போம்.”

இந்த ஊரின் பெயர் எழுத்தில் சரக்கு ரயில் மாதிரி நீளம். பிறந்து வளர்ந்தவர்கள் அதை அப்படிச் சொல்வதில்லை. முதல் எழுத்தை ஒரு இழுப்பு இழுப்பார்கள். நடுவில் இருப்பதை மொத்தமாக விழுங்குவார்கள். கடைசி எழுத்தை, தூங்கிவிட்ட குழந்தையைப் பாயில் கிடத்துவதுபோல இறக்கி வைப்பார்கள். அவ்வளவுதான். வெளியூர்க்காரன் அப்படியில்லை, ஒரு எழுத்தையும் விடாமல் மெல்லுவான். நடுவில் வருகிற வல்லெழுத்தை மிதி மிதி என்று மிதிப்பான். நானும் மிதித்தேன். பேருந்து முழுக்கச் சிரிப்பு. கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, “அவ்வளவு வாயத் தொறக்காதீங்க தம்பி, பாதி மூடிக்கிட்டுச் சொல்லுங்க, வரும்” என்று உதவிக்கு வந்தார். நாலைந்து ‘மறுபடி’க்குப் பிறகு டிக்கெட் கிழிந்தது.

உள்ளூர்த் திமிர் என்று மனதுக்குள் கட்டம் கட்டி எழுதிவைத்துக்கொண்டேன். பாலம் தாண்டியதும் அவர் ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கும் பலகையில் இருந்த எழுத்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஏறும்போது அவர் என் வாயைத் திருகியிருக்காவிட்டால், அந்தக் குரல் என் ஊரைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது. உட்கார்ந்தபடியே கடைசி நிறுத்தம்வரை போயிருப்பேன்.

பிறகொரு நாள் டீக்கடையில் நிற்கும்போது அவரே சொன்னார். “வெளியூர்க்காரரு எழுத்தப் பாத்து ஏறுறாரு. நான் வாயால கூப்பிடுறேன். அவருக்கு அது ரெண்டும் ரெண்டு ஊரு, தோழர். ஏறும்போதே காதுல போட்டு வச்சுட்டா, இறங்கும்போது காதே எழுப்பி விட்டுடும்.”

அவர் வேலை செய்த முறை இதுதான். விதிப்புத்தகத்தில் இல்லாத முறை. அதனால் புகார் வந்தது. பயணி ஒருவர் தன்னைப் பேருந்து நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒப்பிக்க வைத்ததாக எழுதிக் கொடுத்தார். விசாரணையில் அவருக்காக நான் வாதாடினேன். தோற்றோம். தோற்றதைத் தோற்றோம் என்று எழுதுவதுதான் என் பழக்கம். அவரை மலைப்பாதைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஆறுதல் சொல்லலாம் என்று ஒருநாள் அந்த வண்டியில் ஏறினேன். அங்கே அவரே வெளியூர்க்காரர். எந்த நிறுத்தத்தின் பெயரும் அவர் வாயில் சரியாக நிற்கவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஏறுகிற ஒவ்வொருவரிடமும், “மறுபடி சொல்லுங்கம்மா, கத்துக்கறேன்” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் சொல்லச் சொல்ல உதடு அசைந்தது. ஒரு ஊரார் தங்கள் ஊர்ப்பெயரைக் கேள்வி கேட்பதுபோல முடிக்கிறார்கள். மேலூர்க்காரர்களும் கீழூர்க்காரர்களும் ஒரே பெயரை ஆளுக்கொரு ராகத்தில் சொல்கிறார்கள். ராகத்தை மாற்றிவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு வித்தியாசமும் பிடிபடவில்லை. அவருக்கு எல்லாம் பிடிபட்டது. ஆறுதல் சொல்லாமலே இறங்கினேன்.

மலையிலிருந்து திரும்பி வந்த பிறகு அவரைப் பேருந்து நிலையத்தில் பார்த்திருக்க வேண்டும். படியில் ஒரு கால், கம்பியில் ஒரு கை. போகிற ஊர்களை வரிசையாகக் கூப்பிடுவார். ஒவ்வொரு ஊரையும் அந்தந்த ஊர்க்காரன் வாயால் கூப்பிடுவார். தூண் ஓரமாகச் சுருண்டு படுத்திருந்தவர் எழுந்து உட்காருவார். குழாயடியில் நின்ற பெண் குடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வருவாள். கூட்டம் கூட்டுவதே தொழிலாக இருந்தவன் நான். எனக்கு ஒலிபெருக்கி வேண்டும், சுவரொட்டி வேண்டும், அப்படியும் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். அந்த மனிதருக்கு ஊர்ப்பெயர் போதும். எதற்கும் எளிதில் வாய் பிளக்காத ஆள் நான். அங்கே நின்று பிளந்திருக்கிறேன்.

இனி அவர் மனைவி. தையல்காரி. டயர்க் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை. சாலை பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்து அறையில் கட்டில், அடுத்த அறையில் தையல் மிஷின். பணிமனையில் பாதிப் பேரின் காக்கிச் சட்டை அந்த மிஷினில் தைத்ததுதான். வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்த புதிதில் இந்த ஊர்ப்பெயரைச் சொன்னபோது நடு எழுத்தை மிதித்ததோடு நிற்காமல் கடைசி எழுத்தையும் இழுத்து ஒரு ஆட்டு ஆட்டினாராம். கணவர் சும்மா இருப்பாரா? வீட்டிலும் டிக்கெட் கிடையாது. “மறுபடி.”

அன்றிலிருந்து அது ஓயவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே திருத்துவார், சீப்பும் கையுமாக நின்று திருத்துவார். மனைவி அசரவில்லை. “பாதி எழுத்த முழுங்கியே உங்களுக்கு வயிறு நிறைஞ்சிடுது, நான் எதுக்கு அடுப்பு மூட்டணும்?” என்று கேட்டுவிட்டு மறுநாளும் அதே தப்பைச் செய்வார். எத்தனையோ வருஷமாக அந்த வீட்டில் ஏறுபவர்களுக்கெல்லாம் இது பழகிப்போன சண்டை. இத்தனை வருஷத்திலும் வராத வாய் என்ன வாய் என்று நாங்களும் நினைத்தோம்.

மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. ‘இந்தா’ என்பார். அவ்வளவுதான். ‘இந்தா’ என்று குரல் வந்தால் அடுத்த அறையில் மிஷின் நிற்கும்.

ஓய்வு பெற்றுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒரு காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தவர் கையிலிருந்து ரேசர் விழுந்தது. வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு நின்றது. மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்டுவிட்டது என்றார்கள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியது. சொன்னது புரிகிறது, கேட்டால் தலையாட்டுகிறார், கண்ணில் எல்லாம் இருக்கிறது. வாயில் ஒன்றுமில்லை. ஒரு முனகல், அதோடு சரி.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு இளம்பெண் இருந்தார். அவரும் வெளியூர்தான். பொறுமைசாலி, கெட்டிக்காரி. படம் காட்டினார், பாட்டு பாடினார், ஒன்று இரண்டு எண்ணச் சொன்னார். ஒன்றும் வரவில்லை. அவர் தினமும் சொன்ன சொல் எது என்று மனைவியிடம் கேட்டார். வேறென்ன, ஊர்ப்பெயர்கள்தான். அடுத்த முறை பயிற்சிக்காரப் பெண் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். ஒரு பெயரும் பிசகவில்லை. மறுபடி அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. வாய் திறக்கவில்லை.

வாரம் தவறாமல் நான் போய் உட்காருவேன். ஒருநாள் மனைவி மிஷினில் நூல் கோத்தபடி என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“பேரெல்லாம் வேண்டாம்ண்ணே. அது எப்பவுமே கிடையாது. ‘இந்தா’ன்னு ஒரு தடவை கூப்பிட்டாப் போதும். அடுத்த ரூம்புல உக்காந்து அதுக்குத்தான் காத திறந்து வச்சிருக்கேன். தைக்கறதெல்லாம் கோணிட்டுப் போகுது.”

ஊர்வலத்துக்குக் கோஷம் எழுதித் தரச் சொன்னால் தருவேன். இதற்கு என்ன எழுதுவது?

அடுத்த பயிற்சிக்கு நானும் கூடப் போனேன். ஏற்றி இறக்க ஒரு தோள் வேண்டியிருந்தது. வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், ரயில் நிலையத்துக்கும் முந்தி; ஆஸ்பத்திரி பாலம் தாண்டி ஊருக்குள். காலை நேரம், அவருடைய பழைய தடத்து வண்டி. ஓட்டுனரும் பழைய ஆள்தான், அவரோடு பல வருஷம் ஓட்டியவர். நடத்துனர் புதுப் பெண், கழுத்தில் டிக்கெட் மிஷின். முன்வரிசையில் அவரை உட்கார வைத்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

ரயில் நிலையத்தில் ஒரு மனிதர் ஏறினார். மாதிரிச் சாமான் பெட்டியோடு வந்த விற்பனைக்காரர். நடத்துனரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னார். எல்லா எழுத்தும் வந்தது. நடுவில் இருந்ததை மிதித்தார், நான் அந்தக் காலத்தில் மிதித்த அதே மிதி. நடத்துனர் பெண்ணின் விரல் மிஷினின் பொத்தான்மேல் போனது.

“ம… று… படி.”

யார் பேசியது என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. குரல் துருப்பிடித்திருந்தது. மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

விற்பனைக்காரர், “என்னங்க?” என்று கேட்டுவிட்டு, காது கேட்காதவரிடம் சொல்வதுபோல இன்னும் உரக்க, இன்னும் அழுத்தி மிதித்தார்.

“மறுபடி.” இந்த முறை சுத்தமாக வந்தது. இடது கை டிக்கெட் கட்டைத் தேடி மார்புப் பக்கம் போயிற்று.

விற்பனைக்காரருக்கு எரிச்சல். மூன்றாவது முறையும் சொன்னார். அப்போது மறுபடி அண்ணன் வாயைத் திறந்து ஊரின் பெயரைச் சொன்னார். முதல் எழுத்தை இழுத்தார். நடுவை விழுங்கினார். கடைசி எழுத்தைக் கிடத்தினார்.

பேருந்து முழுக்க அவரையே பார்த்தது. அவரைத் தெரிந்தவர்கள் பாதிப் பேர் இருந்தார்கள். நடத்துனர் பெண் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். விற்பனைக்காரர் எல்லார் முகத்தையும் பார்த்தார். என்ன புரிந்ததோ, தாழ்ந்த குரலில், பாதி வாயை மூடிக்கொண்டு, அவர் சொன்னதுபோலவே சொல்லிப் பார்த்தார். அண்ணன் தலையை அசைத்தார். அதன்பிறகுதான் டிக்கெட் வந்தது.

அதோடு நிற்கவில்லை. பாலத்தடி நிறுத்தம் வந்தபோது அதன் பெயரைக் கூப்பிட்டார். அடுத்ததையும் கூப்பிட்டார். அதற்கடுத்ததையும். வண்டி திரும்புவதற்கு முன்பே வரப்போகிற பெயர் அவர் வாயில் வந்து நின்றது. ஓட்டுனர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கூப்பிட்ட ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டியை நிறுத்தினார். ஏற ஆளில்லாத இடத்திலும் நிறுத்தினார். இறங்க ஆளில்லாத இடத்திலும் நிறுத்தினார். நடத்துனர் கூப்பிட்டால் நிறுத்துவதுதானே வேலை. வேலைக்கு நேரமாகிறது என்று ஒரு வாயும் முணுமுணுக்கவில்லை. எத்தனையோ ஊர்வலத்தில் நடந்திருக்கிறேன். அந்தப் பேருந்தில் நின்றதுபோல ஒரு இடத்திலும் நின்றதில்லை.

ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்ததும் பயிற்சிக்காரப் பெண் தண்ணீர்க் கோப்பையைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. மனைவி பயந்துபோனார். அந்தப் பெண் பயப்படவில்லை, நடந்ததை ஒன்றுக்கு மூன்று தடவை கேட்டுக்கொண்டார். யோசித்துச் சொல்கிற சொல் மூளையில் ஒரு இடத்தில் இருக்குமாம். யோசிக்காமல், பழக்கத்தில் தானாக ஓடுகிற சொல் வேறு இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாம். ஒரு வீடு எரிந்தும் பக்கத்து வீடு தப்பித்து நிற்பதுபோல. அதில் தனக்கு வியப்பில்லை என்றார். “ஆனா நான் இதே பேரையெல்லாம் வரிசையாச் சொன்னேனே, அப்ப ஏன் வரலை?” என்றுதான் அவருக்குக் குழப்பம்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ சரியாச் சொன்ன, அதான். நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன்.”

கதை அப்போதுதான் வெளியே வந்தது. கணவர் வாயடைத்துப் படுத்த நாளிலிருந்து, தப்பைக் கேட்டுத் திருத்த முடியாமல் அவர் தவித்துப்போவாரே என்று, அந்த அம்மா வீட்டுக்கு வருகிற எல்லாரையும் வாசலிலேயே நிறுத்தி ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லப் பழக்கித்தான் உள்ளே அனுப்பியிருக்கிறார். பால்காரர், மருந்துக்கடைக்காரர், ஒருவரையும் விடவில்லை; பயிற்சிக்காரப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே எல்லா நிறுத்தத்தையும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். தானும் சரியாகவே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் காதில் ஒரு பிசகு விழாமல் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டார்கள். சரியாகச் சொல்கிற பயணியிடம் நடத்துனருக்கு என்ன பேச்சு? டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பார்.

எனக்கு வேறொன்று உறைத்தது. “நீங்களும் சரியாச் சொன்னீங்களா? உங்களுக்குத்தான் வராதே தங்கச்சி?”

“கல்யாணமாகி ஒரு வருஷத்துலயே வந்துடுச்சுண்ணே.”

“அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம்?”

“நாள் பூரா கத்திட்டு வர்ற மனுஷன். வீட்டுக்கு வந்தா வாயே தொறக்க மாட்டாரு. நான் தப்பாச் சொன்னா மட்டும் தொறப்பாரு. எனக்கு வந்துடுச்சுன்னு சொல்லிட்டா, அப்புறம் எங்களுக்குப் பேச என்ன இருக்கு?”

பயிற்சிக்காரப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இனி வீட்டில் எவ்வளவு தப்பாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தப்பாகச் சொல்லுங்கள் என்று கட்டளை போட்டார். மருந்துச் சீட்டில் எழுதாதது ஒன்றுதான் குறை.

அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் அந்த அம்மா கட்டில் பக்கத்தில் நின்று நடு எழுத்தை மிதித்து, கடைசி எழுத்தை இழுத்து ஆட்டுவார். கட்டிலிலிருந்து, “மறுபடி.” பிறகு சரியான பெயர். அதற்குப் பின்னால் வால் பிடித்தபடி மற்ற நிறுத்தங்கள்.

புதுச்சொல் ஒன்றும் சேரவில்லை. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் இருக்கிற பெயர்களை வைத்து அவர் குடும்பம் நடத்தத் தொடங்கினார். பசித்தால் சந்தை நிறுத்தத்தின் பெயர். வலித்தால் ஆஸ்பத்திரி நிறுத்தம். தாகத்துக்குப் பாலத்தடி. நான் உள்ளே நுழைந்தால் பணிமனை. பிடிக்காத உறவினர் வந்து உட்கார்ந்தால் கடைசி நிறுத்தத்தின் பெயரைச் சொல்வார். வண்டி இதற்கு மேல் போகாது, இறங்கு என்று அர்த்தம். வந்தவருக்கு அர்த்தம் தெரியாது. நாங்கள் சிரிப்பை அடக்க வெளியே ஓடுவோம். எரிந்த வீட்டில் மிஞ்சிய நாலு கழியை வைத்து மனிதர் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அடங்கவில்லை.

மனைவிக்கு மட்டும் ஒரு குறை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “ஊருல உள்ள எல்லாத்துக்கும் ஸ்டாப்பு குடுத்துட்டாரு. உங்களுக்குக்கூட ஒண்ணு இருக்கு. எனக்குன்னு ஒரு ஸ்டாப்பு இல்லண்ணே.” வேண்டும்போது முனகுவார், இவர் போவார். முனகலுக்கு ஊர் ஏது?

ஒரு மதியம். நான் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையில் மிஷின் ஓடியது. அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முதுகுக்கு வைத்த தலையணை நழுவிவிட்டது. நான் எழுந்தேன். அவர் இடது கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். நான் வேண்டாமாம். வாயைத் திறந்தார். பாலத்தடியோ ஆஸ்பத்திரியோ வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஊரின் பெயர் வந்தது. தப்பாக வந்தது.

நடு எழுத்தை மிதித்தார். கடைசி எழுத்தை இழுத்து ஒரு ஆட்டு ஆட்டினார். வெளியூர்க்காரர்கள் எல்லாரும் மிதிப்பார்கள். இப்படி ஆட்டுகிற வாய் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அடுத்தவன் சொன்ன தப்பைக் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனிதர், எத்தனையோ வருஷம் திருத்தித் திருத்திச் சலிக்காத தப்பை, ஒரு நூல் பிசகாமல் தன் வாயில் எடுத்து வைத்திருந்தார். வாசலைப் பார்த்துச் சொன்னார்.

மிஷின் நின்றது.

அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா, விரலில் நூல். அவரையே பார்த்தார்.

“மறுபடி” என்றார்.

அண்ணன் சொன்னார். அதே தப்பு, அதே ஆட்டு.

“வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா போய்த் தலையணையைத் தூக்கி வைத்தார்.